சிலைக்கும் ஒரு நம்பர் உண்டு: வாசகர் கேள்வி பதில்

அருங்காட்சியகங்களும் நூலகங்களும் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் சேகரிப்புகளைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அமெரிக்க மியூசியங்களில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். கூகுளில் 'நடராஜர் சிலை' என்று போட்டால் விற்பனைக்கு வைத்திருக்கும் பித்தளைச் சிலைகள்தான் வரிசையாக வருகின்றன. எங்கே போய், என்னவென்று தேட வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

கூகுளை விட்டுவிட்டு நேராக அந்தந்த மியூசியத்தின் தளத்துக்குப் போங்கள், அம்மா. முகப்பில் டிக்கெட், கண்காட்சி விளம்பரமெல்லாம் இருக்கும். அவற்றைத் தாண்டி 'கலெக்‌ஷன்' அல்லது 'ஆர்ட்' என்ற தலைப்பைத் தொட்டால்தான் பொருள்களின் பட்டியல் திறக்கும். அங்கே தமிழ் எழுத்து வேலை செய்யாது. ஆங்கில எழுத்தில் 'சோழா' என்று மட்டும் அடியுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அதோடு 'ஏஷியன் ஆர்ட்' துறையையும் வடிகட்டியில் ('ஃபில்டர்') தேர்ந்தெடுத்தால் தேவையில்லாதவை கழிந்துவிடும்.

'நடராஜர்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'நடனத்தின் தலைவனான சிவன்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் பதிந்திருப்பார்கள். 'நடராஜா' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தாலும் இருக்கும். அம்மன் சிலைகளுக்குப் பெரும்பாலும் 'பார்வதி' என்றுதான் பெயர். சிவகாமி, போகசக்தி என்றெல்லாம் தேடி ஏமாற வேண்டாம். வாஷிங்டன் ஃப்ரீர் காலரியில் இருக்கும் புகழ்பெற்ற திருமேனி 'பார்வதி வடிவில் செம்பியன் மாதேவி' என்று பதிவாகியிருக்கிறது. அந்த அடையாளம் சரியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் தேடும்போது அந்தப் பெயர்தான் உதவும்.

தலைப்பு மாறலாம், எழுத்துக்கூட்டல் மாறலாம். மாறாதது பதிவு எண் ஒன்றுதான். மெட்ரோபாலிட்டன் நடராஜர் 1987.80.1, நின்ற கோலப் பார்வதி 57.51.3. கிளீவ்லாந்து நடராஜர் 1930.331, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் நடராஜர் 1965.1130. செம்பியன் மாதேவி எஃப் 1929.84. கான்சாஸ் சிட்டி நெல்சன்-அட்கின்ஸில் தாளம் தட்டி அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையார் 33-533. இந்த எண்ணைப் புள்ளியோடு அப்படியே தேடல் பெட்டியில் போட்டால் ஒரே பக்கம் வந்து நிற்கும்.

எண்ணைப் படிக்கவும் செய்யலாம். முதல் பகுதி பொருள் மியூசியத்தின் கணக்கில் ஏறிய ஆண்டு. 1987.80.1 என்றால் அந்த ஆண்டில் எண்பதாவதாகப் பதிவானதில் முதல் உருப்படி. 57 என்பது 1957. பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்னும் நுணுக்கம்: அமராவதிச் சிற்பங்களின் எண் 1880,0709 என்று தொடங்கும், அதாவது 1880 ஜூலை 9. பிடித்த சிலைக்கு நேரே இந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரி மாறிப் பழைய லிங்க் செத்துப்போகும், நம்பர் சாகாது.

பக்கம் திறந்ததும் முதல் படத்தோடு நின்றுவிடாதீர்கள். கீழே சிறு படங்களாக முதுகுப்புறம், பக்கவாட்டு எல்லாம் இருக்கும். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் சடையின் முடிச்சையும் பின் பக்கத்து ஆடை மடிப்பையும் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

மியூசியத்துக்குள் நடந்து போவது போன்ற 360 டிகிரி சுற்றுலா பயனுள்ளதா?
— கல்லூரி மாணவர், சேலம்

முதல் முறை நன்றாக இருக்கும். பிறகு விளக்க அட்டையைப் படிக்க முடியாமல் கண் வலிக்கும். கண்ணாடிப் பெட்டியில் விளக்கொளி பட்டுப் பாதிப் பொருள் தெரியாது. எந்தக் கூடத்தில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பொருளைக் கலெக்‌ஷன் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நெருங்கிப் பார்ப்பதன் உச்சத்தை அனுபவிக்க வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைத் திறங்கள். 8,439 படங்களை ஒட்டிச் சேர்த்து 717 கிகாபிக்சலில் (ஒரு கிகாபிக்சல் என்றால் நூறு கோடிப் புள்ளி) 2022 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு. வண்ணப்பூச்சில் உள்ள விரிசலுக்குள் போய்வரலாம்.

1890களில் அச்சான ஒரு தல புராணம் தேவை. இணைய நூலகங்களில் தேடினால் 'இல்லை' என்றே வருகிறது. நண்பர் ஒருவர் அதே நூலை அதே தளத்தில் எடுத்துத் தந்தார். எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?
— ஆய்வு மாணவி, திருநெல்வேலி

நூல் இருக்கும், உங்கள் எழுத்துக்கூட்டலும் அவர்களுடையதும் பொருந்தியிருக்காது. தளம்தோறும் காரணம் வேறு.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தமிழ் எழுத்திலேயே தேடலாம். அங்கே சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்துகள் கணினிக்கு வேறாக இருப்பது. 'ஔவையார்' என்பதை 'ஔ' என்ற ஒரே எழுத்தால் அடித்தவர்கள் உண்டு, 'ஒ' போட்டு அடுத்து 'ள' போட்டவர்களும் உண்டு. திரையில் வித்தியாசமே தெரியாது, தேடலோ ஒன்றைத்தான் காட்டும். 'ஸ்ரீ'யும் அப்படியே; இரண்டு விதமாகக் குறியேற்றம் செய்யலாம். 'ஸ்ரீரங்க' என்று தேடிக் கிடைக்காவிட்டால் 'ரங்க' என்று மட்டும் தேடுங்கள். பழைய நூல்களில் க், ச், த், ப் மிகுவதும் மிகாததும் பதிப்பாளர் விருப்பம் என்பதால், தலைப்பு முழுவதையும் அடிக்காமல் நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் கொடுப்பது நல்லது. 'திருநெல்வேலித் தலபுராணம்' என்று அடிப்பதைவிட 'நெல்வேலி' போதும்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கதை வேறு. 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' திட்டத்தில் ஸ்கேன் செய்த பல்லாயிரம் நூல்கள் அங்கே இருக்கின்றன. தலைப்பை ஆங்கில எழுத்தில், அன்று கணினி முன் உட்கார்ந்தவர் காதில் விழுந்தபடி அடித்திருக்கிறார்கள். 'தி'யை 'டி-ஐ' என்றும் 'டி-எச்-ஐ' என்றும், 'ச'வை 'எஸ்', 'சி', 'சி-எச்' என்றும், 'ழ'வை 'இசட்-எச்', 'எல்', ஏன் வெறும் 'இசட்' என்றும்கூடக் காணலாம். 'புராணம்' கடைசியில் 'எம்' இருக்கும், இருக்காது. ஆகவே ஊர்ப் பெயரை நான்கைந்து கூட்டலில் தேடி, இடது பக்க வடிகட்டியில் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். ஆண்டு வடிகட்டியை நம்ப வேண்டாம். பதிப்பாண்டு தெரியாத இடத்தில் ஸ்கேன் செய்தவர்கள் ஏதோ ஒன்றைப் போட்டிருப்பதும் உண்டு.

நூலுக்குள் தேடும் வசதியும் பழைய அச்சுக்கு அரைகுறைதான். பல பழைய பதிவுகளில் 'இந்த மொழியை இயந்திரம் படிக்க இயலாது' என்ற பொருளில் ஒரு குறிப்பு கிடக்கும், அதாவது பக்கப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் உள்ளே ஓடவேயில்லை. ஓடியிருந்தாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணா, றா, னா வடிவங்களிலும், கொம்பு வளைந்த ணை, லை, ளை, னை வடிவங்களிலும் தடுமாறும். 'மலை' என்று தேடிக் கிடைக்கவில்லை என்பதால் நூலில் மலையே இல்லை என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள்.

நூல் கிடைத்ததும் முதல் வேலை முகப்புப் பக்கம். அட்டவணை சொல்லும் ஆண்டை அங்கே சரிபாருங்கள். 'விளம்பி வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1898-99 ஆகவும் இருக்கலாம், 1958-59 ஆகவும் இருக்கலாம். அதே பக்கத்தில் விலை அணாவில் இருந்தால் பழையதாகவே இருக்க அதிக வாய்ப்பு, ஏனென்றால் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. சாலிவாகன சகாப்தம் கொடுத்திருந்தால் 78 கூட்டிக்கொள்ளுங்கள். விளம்பிக்கு முந்திய ஆண்டு ஹேவிளம்பி. அச்சு தேய்ந்து 'ஹே' விழுந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அட்டவணையைப் பாருங்கள். அட்டவணையில் இருப்பதெல்லாம் திரையில் படிக்கக் கிடைக்காது, ஆனால் நூல் இருக்கிறது என்பதும் எந்தப் பதிப்பு என்பதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆர்க்கைவில் ஒரே நூலுக்குப் பத்து வித ஃபைல் காட்டுகிறது. எதை இறக்குவது?
— வாசகர், ஓசூர்

படிக்க மட்டும் என்றால் பிடிஎஃப். எழுத்து மங்கலாக இருந்தாலோ படங்கள் தேவைப்பட்டாலோ 'ஜேபி2' என்று குறித்த ஜிப் ஃபைல். பருமன் பல மடங்கு, தரமும் அப்படியே. இறக்கும் முன் திரையிலேயே புரட்டி, முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் இரண்டு இடம் என்று பாருங்கள். பக்கம் விட்டுப்போவதும் ஒரே பக்கம் இரண்டு முறை ஸ்கேன் ஆவதும் பழைய திட்டங்களில் சகஜம். முகவரியில் தெரியும், 'என்' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்த எண் ஸ்கேன் வரிசை எண், நூலின் பக்க எண் அல்ல. அடிக்குறிப்பில் அதை எழுதினால் தவறாகிவிடும்.

தாத்தா சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார். பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் அவரைப் பற்றி ஏதேனும் இருக்குமா? யாழ்ப்பாணத்தில் இருந்த உறவினர்களைப் பற்றியும் தேட வேண்டும்.
— வாசகி, தேவகோட்டை

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இருக்கிறது. 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழும் உண்டு. தமிழ்ப் பெயரைப் பெட்டியில் போட்டுக் காத்திருப்பதைவிட, பத்திரிகை, ஆண்டு, மாதம், நாள் என்று தேர்ந்தெடுத்துப் புரட்டுவதுதான் கைகொடுக்கும். தீபாவளி, பொங்கல் மலர்களில் கடைக்காரர்களின் வாழ்த்து விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். அந்த வாரங்களிலிருந்து தொடங்குங்கள். ஆங்கில நாளிதழ்களில் தாத்தாவின் பெயரைவிடக் கடை இருந்த தெருவின் பெயர் நல்ல தூண்டில், ஏனென்றால் ஆள் பெயரைப் பத்து விதமாக எழுதுவார்கள், தெருவை ஒரே விதமாகத்தான் எழுதுவார்கள். சில இதழ்கள் அங்குள்ள நூலகக் கட்டடத்துக் கணினியில் மட்டுமே திறக்கும். அப்படி வந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு சிங்கப்பூரில் உள்ள உறவினரிடம் சொல்லுங்கள்.

இலங்கைக்கு 'நூலகம்' தளம். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்த இழப்பின் நினைவு மாறாத சமூகம், 2005 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு சேர்த்து வரும் களஞ்சியம் இது. இதழ்களின் தலைப்பு 'மல்லிகை 1980.12' என்பது போல ஆண்டு, புள்ளி, மாதம் என்ற அமைப்பில் இருக்கும். நாளிதழானால் நாளும் சேரும். தேடும்போது அதே அமைப்பில் போடுங்கள்.

பள்ளிச் சுவரில் ஒட்ட ஒரு சிலைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டோம். கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. கணினியில் தெளிவாகத்தானே இருந்தது? அப்படி அச்சிடுவது சட்டப்படி சரியா?
— தலைமை ஆசிரியர், தருமபுரி

படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சேமித்திருப்பீர்கள், ஐயா. அதில் கிடைப்பது திரைக்கான சின்னப் படம். அம்புக்குறி போட்ட டவுன்லோடு பொத்தானைத் தேடுங்கள், அது மூலப்படத்தைத் தரும். கணக்கு எளிது: நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏ3க்கு 3508க்கு 4961. தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 போதும், அதாவது ஏ4க்குச் சொன்ன அளவிலேயே ஏ3 ஓரளவு நன்றாக வரும். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் பிக்சல் தெரியும். பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

டவுன்லோடு பொத்தான் இல்லாத தளங்களிலும் ஒரு வழி உண்டு. ஹார்வர்டு, சிகாகோ, பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா போன்றவை 'ட்ரிபிள் ஐ எஃப்' என்ற பொது முறையில் படம் தருகின்றன. அதில் படத்தின் முகவரியிலேயே எந்தப் பகுதி, எவ்வளவு அகலம், எத்தனை டிகிரி திருப்பல் என்று சாய்கோடுகளுக்கு இடையே எழுதியிருக்கும். அகலம் இருக்கும் இடத்தில் எண்ணை அழித்து ஆங்கிலத்தில் 'மேக்ஸ்' என்று போட்டால் அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய படம் வரும். பழைய பதிப்புத் தளமானால் 'ஃபுல்'.

உரிமை தளத்துக்குத் தளம் மாறும். மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரியிலும், கிளீவ்லாந்து 2019 ஜனவரியிலும், ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியிலும் தங்கள் சேகரிப்பில் காப்புரிமை இல்லாத லட்சக்கணக்கான படங்களை 'சிசி ஜீரோ' என்று விட்டுவிட்டார்கள். அந்தக் குறி இருந்தால் சுவரிலும் ஒட்டலாம், புத்தக அட்டையிலும் போடலாம். யாரையும் கேட்க வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியம் படங்களை வணிகமல்லாத வேலைக்கு, பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். பள்ளிச் சுவர் சரி, விலைக்கு விற்கும் காலண்டர் கூடாது.

நூல்களுக்கு இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். உ.வே.சா. 1942இல் மறைந்தார், அவர் எழுத்துகள் 2003 முதல் பொதுவுடைமை. ஆனால் அதே நூலுக்குப் பிற்காலத்தில் வேறொருவர் எழுதிய உரைக்கும் குறிப்புக்கும் தனிக் கணக்கு.

ஓலைச்சுவடிகளைத் திரையில் பார்க்கிறேன். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், மதுரை

ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்த நூலின் சுவடியிலிருந்து. நாலடியாரோ திருக்குறளோ எடுத்துக்கொண்டால் கண் பழகும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் காட்ட மாட்டார்கள். துணைக்காலும் 'ர'வும் ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. ஆகவே எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் சீர் சீராகப் பிடிக்க வேண்டும். ஓரத்தில் ௧, ௨, ௰, ௱ என்று ஏட்டெண் இருக்கும். படங்கள் வரிசை மாறியிருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். எழுத்து மங்கினால் படத்தை இறக்கிக் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள், அல்லது நிறத்தைத் தலைகீழாக்குங்கள்.

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் தமிழ்ச் சுவடிகள் 'இந்தியன்' என்பதன் பிரெஞ்சுச் சொல்லான 'எந்தியன்' என்ற தலைப்பும் எண்ணுமாகப் பதிவாகியிருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தில் பணிக்குப் பணி தனி எண் உண்டு. பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்கள் ஈஏபி 737. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் மீது நடந்த கணினித் தாக்குதலுக்குப் பிறகு பழைய கட்டுரைகளில் உள்ள லிங்குகள் பல வேலை செய்வதில்லை. திட்ட எண்ணைக் கொண்டு தேடுங்கள்.

எங்கள் ஊரில் புதையலாகக் கிடைத்த திருமேனிகள் எழும்பூர் மியூசியத்தில் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அவற்றை இணையத்தில் பார்க்க முடியுமா?
— வாசகர், நன்னிலம்

டெல்லி நேஷனல் மியூசியம், கல்கத்தா இந்தியன் மியூசியம், சாலார் ஜங் உட்பட மத்திய அரசின் பத்து மியூசியங்கள் 'மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் இருக்கின்றன. எழும்பூர் மாநில அரசைச் சேர்ந்தது, அந்தப் பத்தில் இல்லை. உங்களுக்குப் படத்தைவிடப் பழைய கேட்டலாக் பயன்படும். கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932இல் தயாரித்த தென்னிந்தியச் செப்புத் திருமேனிப் பட்டியல், மியூசியத்தின் புல்லட்டின் வரிசையில் வந்தது. ஸ்கேன் செய்த பிரதி இணையத்தில் கிடைக்கும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வந்து சேர்ந்தவற்றுக்கு ஊர், தாலுகா, மாவட்டம் என்று குறித்திருக்கிறார்கள். அன்றைய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்: தஞ்சாவூர் 'டாஞ்சூர்', தூத்துக்குடி 'டூட்டிகொரின்'. இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

வெளிநாட்டு மியூசியத் தளத்தில் பார்த்த ஒரு சிலை எங்கள் ஊர்க் கோயிலிலிருந்து காணாமல் போனதைப் போலவே இருக்கிறது. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட வேண்டாம், நாகை மாவட்டம்

முதலில் முகநூலில் போடாதீர்கள். பரபரப்பானால் பக்கமே மறைந்துவிடலாம். பதிவு எண், எல்லாக் கோணப் படங்கள், 'ப்ரோவனன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் உள்ள முழுப் பத்தி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அந்தப் பத்தியில்தான் யாரிடமிருந்து யாருக்கு எந்த ஆண்டு கைமாறியது என்று இருக்கும். இந்தியாவை விட்டு எப்போது போனது என்ற வரியே இல்லாமல், 1970களுக்குப் பிறகு ஒரு வியாபாரியின் பெயரிலிருந்து கதை தொடங்கினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. இன்றுள்ள தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது, 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் போனதெல்லாம் நேர்வழியில் போனது என்றும் பொருளில்லை.

அடுத்தது பழைய படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களில் எடுத்த படங்களின் தொகுப்பை வைத்திருக்கிறது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை 50 லட்சம் டாலர் கொடுத்து 2008இல் வாங்கிய ஆஸ்திரேலிய தேசிய காலரி 2014இல் திருப்பித் தந்ததற்கு, அந்தத் தொகுப்பில் இருந்த படமும் ஒரு முக்கியச் சான்று. உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

இரண்டு படங்களையும் ஒப்பிடும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். ஒரே பட்டறையில் வார்த்தவை ஒரே முகமாக இருக்கும். உடைந்த விரல், திருவாசியில் போன சுடர், பீடத்து விளிம்பில் உள்ள நெளிவு, வார்ப்பில் விழுந்த குழி, பீடத்தில் வெட்டிய எழுத்து என்று தற்செயலாக ஏற்பட்டவற்றைப் பாருங்கள். அப்படி நான்கைந்து இடம் பொருந்தினால், படங்களையும் பதிவு எண்ணையும் இணைத்து, கோயில் செயல் அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுத்துப் புகார் கொடுங்கள். புகார் பெற்றதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிலை காணாமல் போன ஆண்டில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள். இல்லையென்றால் அறநிலையத் துறையின் கோயில் சொத்துப் பதிவேட்டில் அந்தத் திருமேனி இடம்பெற்ற பக்கத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள்.